கோலுக்கு ஒரு மொட்டை

திருத்தணி
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

என் அன்பு மகன் ராஜீவுக்கு அம்மா கௌரியம்மாள் எழுதுவது. தணிகை முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் நைனாவும் உன் சாமிநாதன் சித்தப்பாவும் உன் மாமன் சுதாகரும் சுகம், கை கால் வயிறு எல்லாம் சுகம், தலைமுடி மட்டும்தான் சுகமில்லை, அது ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன், அவசரப்படாதே. நீ காவல் நிற்கிற அந்தப் பனிமலையில் காது மூக்கு எதுவும் உதிர்ந்து விழாமல் முழுசாக இருக்கிறாயா. போன வாரம் போன் லைன் கிடைத்து நீயும் நானும் ஹலோ ஹலோ என்று கத்தியதில் பக்கத்து வீட்டு ஹம்சா அக்காதான் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள், வேறு ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்த நாலாம் வகுப்புக்கு இவ்வளவு எழுதுவதே பெரிசு, எழுத்து கோணல் மாணலாக இருந்தால் கண்ணைச் சாய்த்து வைத்துப் படி.

தங்கச்சி டீம் என்ன ஆச்சு, ஆடினார்களா, ஜெயித்தார்களா, ஒரு வரி எழுதம்மா என்று உன் கடிதத்தில் கேட்டிருந்தாய். ஒரு வரியில் அடங்குகிற கதையாடா இது. நம்ம துர்கா இந்தியா டீமில் இருபது வயசுக்குக் கீழே உள்ள பெண்களோடு கடல் தாண்டிப் போய் இறங்கிவிட்டாள், அதுவரைக்கும் உனக்குத் தெரியும். ஏரோப்ளேனில் ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை என்று அதற்கு ஒரு அழுகை. சின்னதில் நீ பந்தை உதைத்து ஹம்சா அக்கா வீட்டு ஓட்டை உடைத்தாயே, விளையாட்டில் நம் குடும்பம் அதுவரை செய்த சாதனை அது ஒன்றுதான், இப்போது பார். அவள் கிளம்புவதற்கு முன்னால் உன் நைனா ஆட்டோவை நிறுத்திவிட்டு சுசித்ரா டீச்சரைப் போய்ப் பார்த்தார், பள்ளிக்கூடத்தில் துர்காவுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுத்தவர்களே அந்த டீச்சர்தான். டீச்சரம்மா, இந்த டீம் எப்பிடி, ஜெயிக்குமா என்று கேட்டிருக்கிறார். அந்த டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. அண்ணே, இந்த வயசுப் பொண்ணுங்க டீம் ஆசியப் போட்டிக்குள்ள போயி கிட்டத்தட்ட இருபது வருசம் ஆவுது, உங்க துர்கா பொறக்கவே இல்ல அப்ப, அதுக்கப்புறம் ஒவ்வொரு தபாவும் தகுதிச் சுற்றுக்குப் போறாங்க, வாசப்படிய மிதிச்சிட்டுத் திரும்பி வந்துடறாங்க, போன தபா ஒரு கோல் போடவே நாக்கு தள்ளிப்போச்சு என்று சொல்லிவிட்டார்கள். மூன்று ஆட்டம், அதில் முதலாவதாக வரும் டீம்தான் உள்ளே போகும் என்றும் சொன்னார்கள்.

நைனா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். சாயங்காலம் மலைக்குப் போய்விட்டு வந்த மனுசன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறார். என்னய்யா என்றால் நாலு பக்கமும் பார்த்துவிட்டு என் காதுகிட்ட வந்து, வேண்டிக்கினேன் கௌரி, நம்ம துர்கா டீம் போடற கோலு ஒண்ணொண்ணுக்கும் நம்ம வூட்டுத் தலை ஒண்ணு மொட்டை என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரோ, அட நீ ஒண்ணு, அந்த டீம் போட்டா ஒரு கோல் போடும், அந்த ஒரு தலை என் தலை, என் தலையில என்னா இருக்குது போறதுக்கு என்று தடவிக் காட்டுகிறார். நீ பிறந்த வருசமே அந்த மண்டை வழுக்கையாகிவிட்டது, காதோரம் மட்டும் கொசுவலை மாதிரி நாலு மயிர். முருகனையே ஏமாற்றிவிட்டதாக அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. முருகன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான் போலிருக்கிறது.

முதல் ஆட்டம். அங்கே என்ன நேரமோ, இங்கே நல்ல மத்தியானம். சித்தப்பாவின் போனை ஆட்டோவின் பின்சீட்டில் சாய்த்து வைத்து, வெயில் படாமல் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். உன் சித்தப்பா போன் தெரியுமே, கீழே போட்டுப் போட்டு மூலையெல்லாம் விரிசல், ஸ்கோர் காட்டுகிற மூலையில்தான் பெரிய விரிசல். நம்ம பெண் ஒருத்தி, குட்டையாக இருப்பாள், பந்தை வாங்கிப் போனாள், வலது மூலையில் உள்ளே விட்டாள். நைனா குதித்த குதியில் ஆட்டோ கூரையில் மண்டை இடித்தது. தடவி முடிக்கவில்லை, மறுபடியும் கோல். அதே குட்டைப் பெண், அதே மூலை, அதே மாதிரி விழுந்து எழுந்து கையை விரித்து ஓடுகிறாள். எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. நைனா சொன்னார், பாத்தியா, அச்சு அசலா ஒரே மாதிரி போடறா, அதுக்குத்தான் மாசக்கணக்கா கேம்ப்புல வெச்சிப் பழக்கறாங்க என்று. எனக்கும் அது சரியாகவே பட்டது. பிறகு கடைசியில் இன்னொரு கோல், அது விழுந்ததும் சிக்னல் போய்விட்டது. ஆக மூன்று. நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் மூன்று என்றோம், சுதாகரும் ஓடி வந்து மூன்றா என்றான் பாவம், அது அவன் தலைக்குத்தான் என்று தெரியாமல்.

ஏன் என்றால் நைனா தலை ஒன்று, சித்தப்பா தலை ரெண்டு, மூன்றாவது நம் வீட்டில் தங்கியிருக்கிற சுதாகர் தலை. ஆவணி பிறந்ததும் கனகம்மாசத்திரத்தில் அவனுக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு, அதற்காக முன்பக்கம் செம்பட்டைச் சாயம் போட்டு நெற்றியில் ஒரு சுருளைத் தொங்கவிட்டு வைத்திருந்தான். பாவா, ஒரு கோலக் கொறைச்சி சொல்லுங்களேன், யாருக்குத் தெரியப்போவுது என்று உன் நைனா காலைப் பிடிக்கிறான். டேய், மேல ஒருத்தன் பாத்துகினு இருக்கான்டா என்று அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அன்றைக்கே போனார்கள். மொட்டை மண்டபத்தில் நம்ம வரதராஜன் அண்ணன் கத்தியும் தண்ணியுமாக உட்கார்ந்திருந்தார். நைனா தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேடியப்பண்ணே, இதுல இன்னாத்த எடுக்கறது, முருகனுக்குக் காணிக்கையா, இல்ல அவருக்கு மூஞ்சி பாக்கக் கண்ணாடியா என்று கேட்டார், வரிசையில் நின்ற காவடிக்காரர்கள் எல்லாம் சிரித்துக் கீழே விழாத குறை. சுதாகர் சுருள் கீழே விழுந்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை, அவன் அழுதுவிடுவான் போல் இருந்தான்.

மூன்று சந்தன மண்டையும் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும்போது துர்கா போன் செய்தாள். நைனா, ரெண்டு கோல்ல ஜெயிச்சிட்டோம் என்கிறாள். ரெண்டில்லம்மா, மூணு என்கிறார் இவர். ரெண்டு நைனா. மூணு கண்ணு. ஆடினது நானா நீயா என்று அவள் கத்துகிறாள், பாத்தவன் நான்டி என்று இவர் கத்துகிறார். கடைசியில் சுசித்ரா டீச்சர் ஸ்வீட்டோடு வந்தவர்கள் விஷயத்தைக் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்து, அண்ணே, போட்ட கோலையே திரும்பக் காட்டுவாங்க, அது ரீப்ளே, புதுக் கோல் இல்ல என்று விளக்கினார்கள். நமக்கு என்ன தெரியும், பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கோல் ஒரு தடவைதான் விழும். அந்த நிமிஷம் சுதாகர் மூஞ்சியை நீ பார்த்திருக்க வேண்டும். சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தான், மலையைப் பார்த்தான், உன் நைனாவைப் பார்த்தான். அப்ப என் முடி ரீப்ளேக்குப் போச்சா பாவா என்றான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதோடு விட்டதா. மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பாவே காவடி பார்க்க வந்தவர், மாப்பிள்ளையை ஒரு நடை பார்த்துப் போகலாம் என்று ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறார். டீக்கடை பெஞ்சில் மூன்று மொட்டை வரிசையாக உட்கார்ந்து போண்டா தின்னுகிறது. இதுல மாப்பிள்ள யாருங்க என்றாராம். நடுவுல இருக்கறது என்று யாரோ சொல்ல, நடுவில் இருந்தது உன் சித்தப்பா, அவருக்கு ஐம்பது வயசு. மனுசன் டீயைக்கூட முடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். சுதாகர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதிகமாய்ப் போன உன் தலையை அடுத்த கோலுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று நைனா சமாதானத்துக்குப் போனால், அதெல்லாம் கெடையாது, என் முடி போனது போனதுதான், அத எதுக்கும் குடுக்க மாட்டேன், அடுத்த கோலுக்கு எங்க அக்கா உக்காரட்டும், அப்பத் தெரியும் வலி என்றுவிட்டான்.

ஆமாம் ராஜீவ், அடுத்த தலை என் தலைதான். துர்கா ஆடப் போனவள், அவளை உட்கார வைக்க முடியாது, அவளும் ஓடும்போது இடைஞ்சல் என்று போன வருசமே காது வரைக்கும் வெட்டிக்கொண்டாள். உன் தலையைப் பட்டாளத்தில் ஏற்கனவே ஒட்ட வழித்து வைத்திருக்கிறார்கள், அதைக் கொண்டுபோய் நீட்டினால் வரதராஜன் அண்ணனே திருப்பி அனுப்பிவிடுவார். மிச்சம் நான் ஒருத்தி. என் முடி உனக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழே போய் நிற்கிறது, கடலைக்காட்டில் களை எடுக்கும்போது கொண்டை போட்டால் தலையில் இன்னொரு தலை மாதிரி இருக்கிறது என்று பெண்டுகள் கிண்டல் செய்வார்கள். உன் நைனா பெண் பார்க்க வந்தபோது என் மூஞ்சியையே பார்க்கவில்லை, பின்னலைப் பார்த்தே சரி என்றாராம், வீட்டுக்குப் போய் யாரோ பெண் எப்படி என்று கேட்டதற்கு நீளம் என்று சொல்லியிருக்கிறார். இந்த வயசிலும் என்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

இரண்டாவது ஆட்டம் ரெண்டு பக்கமும் கோல் இல்லாமல் முடிந்தது. துர்கா பின்னால் நின்று தடுக்கிறவள், கோல் போடுவது அவள் வேலை இல்லை, ஆனால் வந்த பந்தையெல்லாம் காலால் மார்பால் வயிற்றால் தடுத்தாள், ஒரு தடவை மூஞ்சியால்கூட. எல்லோரும் கோல் விழவில்லையே என்று வருத்தப்பட்டார்கள். நானும் உச் கொட்டினேன். ஆனால் கை என்னமோ தானாகப் பின்னலுக்குப் போய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது. நாளைக்குக் கடைசி ஆட்டம், போட்டி நடக்கிற அந்த ஊர்க்காரப் பெண்களோடேயே. சமமாக முடிந்தாலும் நாம் வெளியேதான், ஜெயித்தே ஆக வேண்டும் என்கிறார்கள் டீச்சர். ஜெயிக்க வேண்டும் என்றால் ஒரு கோலாவது வேண்டும். ஒரு கோல் என்றால் என் முடி. கோல் வேண்டும் என்று வேண்டிக்கொள்ள உட்கார்ந்தால் கை பின்னலுக்குப் போகிறது, முடி வேண்டும் என்று நினைத்தால் நம்ம பெண் மூஞ்சியால் பந்தைத் தடுத்தது ஞாபகம் வருகிறது. மலையில் இருப்பவனிடம் என்ன கேட்பது என்றே தெரியாமல், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மிச்சத்தை ஆட்டம் முடிந்து எழுதுகிறேன், பேனா ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை. ராஜீவ், அப்பப்பா, எங்கிருந்து ஆரம்பிப்பது. இந்தத் தடவை ஆட்டோ வேண்டாம் என்று டீச்சர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து ஸ்டேஷன் ரோட்டு டீக்கடை டிவியில் மாட்டிவிட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டு மொத்தமும் உள்ளே, சவாரி போக ஆள் இல்லை, ரயிலில் வந்து இறங்கிய பக்தர்களும் பாதிப் பேர் மூட்டையோடு நின்று பார்க்கிறார்கள். டீச்சர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, ரீப்ளே வந்தால் கையைத் தூக்குவேன், யாரும் மொட்டை அடிக்கக் கிளம்பக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாதி ஆட்டம் வரைக்கும் ஒன்றும் இல்லை. நம்ம பெண்கள் முன்னால் போகும்போதெல்லாம் நான் பின்னலை முன்பக்கம் எடுத்து மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன், பந்து திரும்பினால் விடுகிறேன். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, அண்ணி பின்னலப் பாருங்கடா, டிவி பாக்க வேணாம், பந்து எங்க இருக்குதுன்னு தெரிஞ்சிடும் என்று கடை முழுக்கச் சொல்லிவிட்டார். போகட்டும் சனியன் என்று பின்னலைத் தூக்கி முதுகுப்பக்கம் எறிந்தேன். எறிந்துவிட்டு, போடுங்கடி, எவளாவது ஒருத்தி போடுங்கடி என்று கத்தினேன் பார், எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. உன் நைனா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரம் மூலையிலிருந்து உதைக்க ஒரு பந்து கிடைத்தது. பின்னால் நிற்கிறவர்களும் முன்னால் வரலாமாம் அப்போது. நம்ம துர்கா ஓடி வருகிறாள். அங்கிருந்து ஒருத்தி உதைக்கிறாள், பந்து மேலே போகிறது, துர்கா எகிறுகிறாள், எகிறினது எகிறினபடி டிவி நின்றுவிட்டது. சக்கரம் சுற்றுகிறது. பந்து ஆகாயத்தில், என் பெண் ஆகாயத்தில், கடையே ஆகாயத்தில். டீச்சர் கம்ப்யூட்டரைத் தட்டுகிறார்கள், நைனா டிவியைத் தட்டப் போகிறார். வெளியே கோபமாகத் தனியாக நின்று தன் போனில் பார்த்துக்கொண்டிருந்த சுதாகர்தான், அவன் போனில் நின்றுபோகவில்லை, மொட்டை மண்டையோடு உள்ளே ஓடி வந்தான். பாவா, தலையால முட்டிட்டா, நம்ம துர்கா, உள்ள போயிருச்சு, உள்ள போயிருச்சு அக்கா என்று என்னைத் தூக்கிவிட்டான், என்னை, இந்த எடையை. அதற்குப் பிறகுதான் எங்கள் டிவியில் பந்து கீழே வந்தது. அவள் நெற்றியில் பட்டு, இடது பக்கமாக, எவள் கையிலும் படாமல் உள்ளே. உடனே ரீப்ளே காட்டினான், டீச்சர் கையைத் தூக்கினார்கள், கடை மொத்தமும் பழசு பழசு என்று கத்திக்கொண்டே இன்னொரு தடவை குதித்தது. மறுபடி காட்டினான், மறுபடி குதித்தோம். நான் மட்டும் மனசுக்குள், காட்டுடா, இன்னும் காட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மிச்ச நிமிஷமெல்லாம் எப்படிப் போனது என்று கேட்காதே. ஊதல் ஊதினான், ஜெயித்தோம், இருபது வருசமாக வாசல்படியோடு திரும்பி வந்த டீம் உள்ளே போய்விட்டது, அடுத்த வருசம் ஆசியப் போட்டி, அதில் நம்ம துர்கா. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ என்றார், சுசித்ரா டீச்சர் அழுதுகொண்டே டீயில் சர்க்கரை இல்லை என்று சண்டை போட்டார்கள். அந்தக் கூச்சலில் சுதாகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அக்கா, அன்னிக்கிச் சும்மா போச்சே என் தலை, அத இந்தக் கோலுக்கு வெச்சிக்கோ, நீ உக்கார வேணாம் என்றான். கடைக்கு டீ குடிக்க வந்த வரதராஜன் அண்ணனும், கணக்கு சரிதாம்மா, முன்னாடியே கட்டியாச்சு என்றார். உன் நைனா என் பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, வேணாம் கௌரி, நான்தான் வாய வெச்சிக்கினு சும்மா இல்லாம வேண்டிக்கினேன், நானே மேல போயி பேசிக்கறேன் என்றார். சிரிக்காதே, நிஜம்.

எனக்கும் ஒரு நிமிஷம் அப்பாடா என்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பின்னலை அவிழ்த்து எண்ணெய் வைத்துச் சீவினேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சீவச் சீவ அவள் எகிறினதுதான் கண்ணில் நிற்கிறது. சுதாகர் தலை ரீப்ளேக்குப் போனது, போனதாகவே இருக்கட்டும். என் பெண் தலையால் முட்டிப் போட்ட கோல் புதுக் கோல், அதற்கு ஏற்கனவே மழித்த தலையைக் கொண்டுபோய்க் கணக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் காலையில் நைனா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார், எடுங்க வண்டிய என்றேன். எங்க என்றார். உங்க முருகன்கிட்டப் பேசத்தான், நீங்க பேச வேணாம், நானே பேசிக்கறேன் என்றேன். மலைப்பாதையில் ஒரு வளைவில் அவர் ஹாரன்கூட அடிக்க மறந்துவிட்டார். வரதராஜன் அண்ணன் தண்ணீர் ஊற்றும்போது, அம்மா நல்லா ரோசன பண்ணியா என்றார். ஆங், பண்ணிட்டேன், நீங்க காதை மட்டும் விட்டுவையுங்க என்றேன். முடி மடியில் விழுந்தபோது இவ்வளவு கனத்தையா தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்று இருந்தது. உன் நைனா சந்தனத்தைத் தன் கையால் பூசினார், பூசிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார், இத்தினி வருசம் கழிச்சி இன்னிக்கித்தான் உன் மூஞ்சியப் பாக்கறேன், நல்லாத்தான் இருக்குது என்றார். இந்த மனுசனை என்ன செய்வது சொல்.

துர்காவுக்கு யாரும் சொல்லவில்லை. நேற்று வீடியோவில் வந்தாள், நான் முக்காட்டை எடுத்தேன். அந்தப் பக்கம் அவளும் அவள் பின்னால் நின்ற பெண்களும் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். துர்கா மூக்கை உறிஞ்சினாள், பிறகு சொல்கிறாள், அம்மா, இப்பத்தான் உன் தலைல பந்து சரியா படும், நான் வந்ததும் சொல்லித் தரேன் என்று. அந்தக் குட்டைப் பெண், முதல் ஆட்டத்தில் ஒரே கோலை இரண்டாகப் போட்டவள், இந்தியில் ஏதோ சொல்லி எனக்குக் கும்பிடு போட்டாள், நானும் போட்டேன். இன்னொரு சேதி, கனகம்மாசத்திரத்துப் பெண் தேவசேனா விஷயம் முழுக்கக் கேள்விப்பட்டு, முடி வளரும், மாமன்காரன் மருமகளுக்காகத் தலை குடுத்திருக்கான், அவனையே பாக்கலாம் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். சுதாகர் இப்போது சந்தனம் காயக் காயப் புதிதாகப் பூசிக்கொண்டு திரிகிறான்.

சரிப்பா, நீ தினமும் வெந்நீரில்தான் வாயைக் கொப்பளிக்க வேண்டும், இருமல் வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டு, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள், ஈரச் சாக்ஸோடு படுக்காதே. குளிருக்கு ரம் கொடுப்பார்களாமே, குடித்தாலும் குடிக்காவிட்டாலும் உன் நைனாவுக்கு மட்டும் அதை எழுதிவிடாதே, பட்டாளத்தில் சேருகிறேன் என்று கிளம்பிவிடுவார். உன்னோடு இருக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம் சொல். தணிகைவேலன் உன் பக்கத்திலேயே நின்று காவல் காக்கட்டும், அவனுக்கும் ஒரு கம்பளி கொடு. முக்கியமான விஷயம் மறந்துவிடாதே, ஆசியப் போட்டிக்கும் அதே வேண்டுதலை உன் நைனா நேற்றே போய் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார், இந்தத் தடவை எதிரில் பெரிய பெரிய ஊர்கள், அதிகம் விழாது என்கிறார், அவர் கணக்கு எனக்குத் தெரியாதா. இங்கே எல்லாத் தலையும் காலி, எங்களுக்கு முளைக்க நாளாகும். அதனால் உங்கள் பெரிய ஆபீசரிடம் கேள், தங்கச்சி இந்தியாவுக்கு ஆடுகிறாள், வீட்டில் தலை பற்றவில்லை, கொஞ்சம் முடி வளர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று. லீவில் வரும்போது முடியோடு வா.

இப்படிக்கு,
காற்றுப் பட்டால் தலை சில்லென்று சிரிக்கிற
உன் அம்மா கௌரியம்மாள்